அருண் பிரகாஷ்

அட்மிரல் அருண் பிரகாஷ் (பிறப்பு: 1944) இந்தியக் கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதி ஆவார். கடற்படை வானோடியான இவர் 2004 சூலை 31 முதல் 2006 அக்டோபர் 31 வரை அப்பதவியில் இருந்தார். ஆர். எச். தகிலியானிக்கு (1984-1987) அடுத்து, வானோடிப் பிரிவிலிருந்து இப்பதவிக்கு உயர்ந்தவர் இவரே. 2004 ஆழிப்பேரலையின்போது தமிழகத்திலும் இலங்கையிலும் கடற்படை மேற்கொண்ட மீட்புப் பணிகள் இவரது பதவிக் காலத்தில் நடந்தவை.

தொடக்க காலம்

சம்மு காசுமீரின் அனந்தநாக்கில் பிறந்தார். தேசியப் பாதுகாப்பு அகாதமியில் பயின்று, 1966 சனவரி 1 அன்று கடற்படை அதிகாரியானார். பின்னர் வானோடிப் பயிற்சி பெற்று, ஐ. என். எஸ். விக்ராந்த் வானூர்தி தாங்கிக் கப்பலின் சீ ஆக் வகைப் போர் வானூர்திகளை ஓட்டினார். அலைகளால் ஏறி இறங்கும் குறுகிய தளத்தில், குறுக்கே கட்டிய எஃகுக் கம்பியை வானூர்தியின் கொக்கி பற்றும்படி இறங்க வேண்டும். கம்பி தவறினால் உடனே மீண்டும் மேலெழ வேண்டும்.

1971 போர்

1971 இந்திய-பாகிசுத்தான் போரின்போது இவர் இந்திய வான்படையின் 20ஆம் அணியில் மாற்றுப் பணியில் இருந்தார். அவ்வணியின் அண்டர் வகை வானூர்திகள் மேற்குப் பாகிசுத்தானின் உட்பகுதிகளைத் தாக்கின. இப்பணிக்காக இவருக்கு வீர் சக்கரம் வழங்கப்பட்டது. இசுலாமாபாத்தை அடுத்த சக்லாலா வானூர்தித் தளத்தின் மீதான தாக்குதலும் அவற்றுள் ஒன்று. ஒலியின் வேகத்தை முதன்முதலில் விஞ்சிய வானோடியான அமெரிக்கர் சக் யேகர் அப்போது பாகிசுத்தானில் பணியாற்றினார். அவரது சிறு வானூர்தி சக்லாலாவில் அழிந்தது குறித்து அருண் பிரகாஷ் பின்னாளில் எழுதியுள்ளார்.

சீ ஆரியர் அணி

1983இல் பிரித்தானியாவிலிருந்து வாங்கப்பட்ட சீ ஆரியர் வானூர்திகளைப் பெற்ற 300ஆம் அணிக்கு இவர் தலைமை தாங்கினார். முதல் மூன்று வானூர்திகள் அவ்வாண்டு டிசம்பரில் கோவாவை வந்தடைந்தன. செங்குத்தாக இறங்கவல்ல இவை, முன்பகுதி மேல்நோக்கி வளைந்த தளத்திலிருந்து குறைந்த ஓட்டத்தில் எழும்பின. இவ்வகை 2016 வரை பயன்பாட்டில் இருந்தது. பின்னர் அருண் பிரகாஷ் ஐ. என். எஸ். விராட் கப்பலின் கட்டளை அதிகாரியாகப் பணியாற்றினார்.

உயர் பதவிகள்

தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய முப்படைகளையும் ஒரே தலைமையின் கீழ் இணைத்து 2001இல் நிறுவப்பட்ட அந்தமான் நிக்கோபார் கட்டளையகத்தின் முதல் தலைமைத் தளபதி இவரே. 2005 முதல் ஓய்வு பெறும் வரை முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராகவும் இருந்தார். இக்காலத்தில் கார்வாரில் ஐ. என். எஸ். கடம்பா தளம் தொடங்கப்பட்டது (2005). 2006இல் லெபனான் போரின்போது சிக்கியிருந்த இந்தியர்களுடன் இலங்கையர், நேபாளர் உள்ளிட்டோரையும் கடற்படைக் கப்பல்கள் மீட்டன.

ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவர் முன்பு தலைமை தாங்கிய அந்தமான் நிக்கோபார் கட்டளையகமும் பாதிப்புக்குள்ளானது; கார் நிக்கோபாரின் வான்படைத் தளம் பெருஞ்சேதமடைந்தது.

கடற்படை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களில் பணியாற்ற வேண்டியிருந்தது: தமிழ்நாடு-ஆந்திரக் கரை, அந்தமான் நிக்கோபார், இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா. 30க்கும் மேற்பட்ட கப்பல்கள் அனுப்பப்பட்டன. உலங்கு வானூர்திகள் சாலை துண்டிக்கப்பட்ட இடங்களுக்கு உணவையும் மருந்தையும் கொண்டு சேர்த்தன. கடல் அளவாய்வுக் கப்பல்கள் மருத்துவமனைகளாக மாற்றப்பட்டன. இந்தியா தானே பாதிக்கப்பட்டிருந்த நிலையிலும் அண்டை நாடுகளுக்கு உதவியது. இதனையடுத்து அமெரிக்கா, சப்பான், ஆத்திரேலியா ஆகியவற்றுடன் அமைந்த நிவாரண ஒருங்கிணைப்புக் குழு, பின்னாளைய நாற்கரக் கூட்டமைப்பின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

விருதுகள்

பரம் விசிட்ட சேவா பதக்கம், அதி விசிட்ட சேவா பதக்கம், வீர் சக்கரம், விசிட்ட சேவா பதக்கம்.

ஓய்வுக்குப் பின்

ஓய்வுக்குப் பிறகு தேசியக் கடல்சார் அறக்கட்டளையின் தலைவராக இருந்தார். கடல்சார் பாதுகாப்பு குறித்துப் பல கட்டுரைகள் எழுதியுள்ளார்.