பத்து நிமிடங்களின் வரலாறு

உள்ளம் சோர்ந்தால் உழைப்பும் சோரும் என்னும் உண்மை, மேலைநாட்டு உளநூலார் நேற்றுக் கண்டறிந்த ஒன்றன்று. ஹிஜ்ரி 779இல் (1377) தாம் எழுதிய 'முகத்திமா'வில் வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன் இதனை ஆராய்ந்துள்ளார். உழைப்பே உழைப்பாளியின் உடைமை. கட்டாய வேலையால் அதனைப் பறித்தால் அவன் நம்பிக்கை இழப்பான். நம்பிக்கை இழந்தவன் முயற்சியைக் கைவிடுவான். முடிவில் நாடே பாழாகும் என்பது அவர்தம் கருத்தின் சாரமாகும்.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1856இல் தென்னகத்தின் முதல் இரயில் புறப்பட்ட இராயபுரத்திற்கு மேற்கே, பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இயங்கி வந்தன. அங்குத் தொழிலாளருக்குக் கிடைத்த நண்பகல் இடைவேளை அரைமணி நேரமே. கை கழுவி, உண்டு, மீண்டும் தறியண்டை வந்து நிற்க அதற்குள் முடிதல் வேண்டும். மேலாளர்களின் வசைமொழியும் கைநீட்டலும் வேறு!

செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. துணை நின்றார். சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று யாது? இடைவேளையை நாற்பது நிமிடமாக்குக என்பதே! அந்தப் பத்து நிமிடம் வயிற்றுக்காக மட்டும் கேட்கப்பட்டதன்று. தம்மையும் மனிதராக மதிக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கப்பட்டதென்றே நாம் கொள்கிறோம். நிறுவனத்தார் வாடியாமீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். இத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களைக் காக்கும் சட்டம் 1926இல்தான் பிறந்தது.

ஓய்வளித்தால் உற்பத்தி குறையும் என்று அஞ்சுவோர்க்கு ஜெர்மனியின் யேனா நகரம் விடையளித்துள்ளது. அங்கே ஸைஸ் ஆலையில் எர்ன்ஸ்ட் அபே 1900இல் ஒன்பது மணி வேலையை எட்டாகக் குறைத்தார். உற்பத்தி குறையவில்லை, சற்றே கூடியது.

ஆயினும் பழைய எண்ணம் எளிதில் மாய்வதில்லை. 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் சட்டமுன்வடிவு நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறதென உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்குரைத்தது. பத்து நிமிடத்தை மறுத்து ஆதாயம் தேடுவோர், இந்த இழப்பை எந்த ஏட்டில் எழுதுவர்?