தமிழ்நாட்டில் விளம்பரப் பலகைகள்: உரிமையும் ஒழுங்குமுறையும்

சென்னை அண்ணா சாலை நெடுங்காலம் விளம்பரங்களின் தெருவாகவே இருந்தது. திரைப்பட நடிகர்களின் கட்அவுட்டுகளையும் பேனர்களையும் ஓவியர்கள் கையால் வரைந்தனர். 2000-களில் பிளெக்ஸ் அச்சு பரவியபோது, பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. விலை குறைந்தது, பலகைகள் பெருகின. கட்டட உரிமையாளருக்கு மொட்டை மாடியே வாடகை தரும் இடமாயிற்று. அக்கம்பக்கத்தாருக்கோ அது வெளிச்சத்தையும் காற்றையும் மறைக்கும் சுவர். புயல் காலத்தில் தலைக்கு மேல் தொங்கும் ஆபத்து.

இதற்கெனத் தனி விதிகள் தாமதமாகவே வந்தன. 1919 ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் 1998 இல் 326-அ முதலான பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பொது இடமானாலும் தனியார் இடமானாலும், விளம்பரத்துக்கான பலகைக்கு உரிமம் வேண்டும் என்றன அவை. 2003 ஆம் ஆண்டு விதிகள் மாநிலத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்துக்கும் பொருந்தின. அவ்விதிகளின்படி உரிமம் வழங்கியவர் மாவட்ட ஆட்சியர். சென்னைக்கு இருந்த அதே கட்டுப்பாடு காயல்பட்டினம் போன்ற கடலோரச் சிற்றூர்களுக்கும் வந்தது இப்படித்தான்.

விளம்பர நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. தம் வாதத்துக்கு அவை பேச்சுரிமையையும் தொழில் உரிமையையும் துணைக்கழைத்தன. வணிக விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று 1995 இல் டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறியிருந்ததால், இது வெற்று வாதமன்று. எனினும் நோவா ஆட்ஸ் வழக்கில் 2008 இல் அந்நீதிமன்றம் சட்டத்தையும் விதிகளையும் செல்லும் என்றது. சொந்த மாடியில் நின்றாலும், பலகை பார்ப்பது சாலையைத்தானே! அதன்பின் சென்னையில் உரிமமற்ற பலகைகள் பெருமளவில் அகற்றப்பட்டன.

அரசியல் பேனர்களின் கதை வேறு. வணிகரிடம் கண்டிப்பு காட்டிய அதிகாரிகள் கட்சிக்காரர் முன் தயங்கினர். டிராபிக் ராமசாமி போன்றோர் மீண்டும் மீண்டும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2017 நவம்பரில் கோவையில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்கான அலங்கார வளைவில் மோதி ஓர் இளம் பொறியாளர் இறந்தார். 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கட்சிகளின் பேனர்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை இருந்தும், 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் கட்சிக்காரர் ஒருவரின் இல்லத் திருமண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற 23 வயது மென்பொருள் பொறியாளர் உயிரிழந்தார். அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் இந்திய, சீனத் தலைவர்கள் சந்தித்தபோது, வரவேற்பு பேனர்களுக்கு அரசு அதே நீதிமன்றத்தை அணுகியது. விதிகளுக்கு உட்பட்டு வைக்கலாம் என அது அனுமதித்தது.

2023 இல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் 1 அன்று, கோவை அருகே கருமத்தம்பட்டியில் பலகை அமைக்கும் பணியின்போது சட்டகம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தனர்.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புயற்காற்றில் சாய்ந்த பலகை 17 பேரைக் கொன்றது. மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40 அடிக்கு 40 அடி. விழுந்தது 120 அடிக்கு 120 அடி. அது நின்ற நிலம் ரயில்வே காவல்துறையின் வசம் இருந்தது. மாநகராட்சியின் அனுமதி பெறப்படவில்லை.