ஒரு துளி குருதியில் சீனியை அளக்கும் உயிர் உணரி

நீரிழிவு நோயாளர் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி குருதியை ஸ்ட்ரிப்பில் தொட்டதும் குளுக்கோமீற்றர் சில செக்கன்களில் சீனியின் அளவைக் காட்டுகிறது. அந்த ஸ்ட்ரிப்பே ஓர் உயிர் உணரி.

குளுக்கோசைத் தேர்ந்தெடுத்து ஒட்சியேற்றும் நொதியத்தை மின்வாயுடன் இணைக்கும் வழியை அமெரிக்க உயிர் இரசாயனவியலாளர் லேலண்ட் கிளார்க் 1962 இல் முன்வைத்தார். நொதியம் வேலை செய்யும்போது ஒட்சிசன் குறையும். அந்தக் குறைவிலிருந்து சீனியைக் கணக்கிடலாம். ஆனால் மாதிரியில் ஏற்கெனவே உள்ள ஒட்சிசன் கூடிக் குறைந்தால் கணக்கும் பிழைக்கும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூடுதலாக ஏற்றினால் சீனி தாழ்ந்து மயக்கம் வரும், உயிருக்கும் ஆபத்தாகலாம்.

இதற்குத் தீர்வு 1984 இல் வெளியானது. ஒக்ஸ்போர்ட் இரசாயனவியலாளர் அலன் ஹில்லும் அவரோடு இணைந்த ஆய்வாளர்களும் பெரோசீன் என்ற இரும்புச் சேர்வையைப் பயன்படுத்தினர். ஒட்சிசனுக்குப் பதிலாக அதுவே நொதியத்திடம் இலத்திரன்களைப் பெற்று மின்வாயிடம் சேர்க்கிறது. குளுக்கோசு கூடினால் மின்னோட்டமும் கூடும். 1987 இல் இந்த முறையில் இயங்கும், பேனா அளவிலான 'எக்சாக்டெக்' சந்தைக்கு வந்தது. நோயாளர் வீட்டிலேயே சோதிப்பது இலகுவானது.

கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் பாவனையில் கவனம் வேண்டும். ஈரமும் வெப்பமும் நொதியத்தைப் பழுதாக்கும். எனவே ஸ்ட்ரிப் போத்தலை உடனே இறுக மூடுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள். சோதிக்குமுன் கையைக் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரலில் ஒட்டியுள்ள சீனியையும் ஸ்ட்ரிப் சேர்த்தே அளக்கும்.