மதுவிலக்கும் மதுவை விட்டவர் கூட்டமும்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, மதுவிலக்கைத் தம் சொந்த ஜில்லாவிலேயே தொடங்கி வைத்தார். அந்தப் பழைய கதையை, நவி மும்பையில் கோபர்கைரனேயில் குடியிருக்கும் நாம் இன்று எடுப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்துவிட்டு, இடம் போதாமல் கழிமுகத்தைக் கடந்து இப்பால் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. ஊரில் என்றால் மாலை வேளையில் திண்ணை உண்டு, கோயில் வாசல் உண்டு, கண்டிக்கும் பெரியப்பா உண்டு. இங்கே வேலை முடிந்தபின் ஊர்க்காரர் நாலு பேர் ஒன்றுகூடித் தாய்மொழியில் பேசும் இடம், பல சமயங்களில் மதுக்கடையாகவே அமைந்துவிடுகிறது. இப்படிக் கூட்டத்தோடு குடிக்கப் பழகிய ஒருவர், தனியாக இருந்து குடியை விட்டுவிட முடியுமா? இக்கேள்விக்குச் சரித்திரம் ஒருவாறு விடை கூறுகிறது.

மது வேண்டாம் என்று சொல்வது நமக்குப் புதிதன்று. கள்ளுண்ணாமைக்கென்றே திருக்குறளில் ஓர் அதிகாரம் உண்டு. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். பெரியாரோ தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிய ராஜாஜி, 1929-இல் மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதில் அவருக்கு வலக்கரமாக நின்றவர் கல்கி. குடியை ஒழிப்பதற்கென்றே ஒரு தமிழ்ப் பத்திரிகை, அதற்குக் கல்கியின் பேனா! எனினும் மறியலும் பத்திரிகையும் குறிவைத்தவை பெரும்பாலும் கடையைத்தான். கடை ஒழிந்தால் குடி ஒழியும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வலுவாக இருந்தது.

சேலத்தில் கடைகளை மூடியதோடு சர்க்கார் நின்றுவிடவில்லை. மாலைப் பொழுதை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. பஜனைக்கும் விளையாட்டுக்கும் ஊக்கம் அளித்தார்கள். தேநீர்க் கடைகளை வரவேற்றார்கள். நம் அபிப்பிராயத்தில், அந்தத் திட்டம் முழுவதிலும் மிகவும் அறிவார்ந்த பகுதி இதுவே. குடிப்பவன் மதுவை மட்டும் தேடிக் கடைக்குப் போவதில்லை, பேச்சுத் துணையையும் தேடிப் போகிறான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆனால் அத்துணையை மேலிருந்து வழங்கினார்கள். அதிகாரி ஏற்படுத்திய பஜனை, அவர் மாற்றலாகிப் போன பின்பு எத்தனை நாள் நடக்கும்?

வருமான நஷ்டத்தை ஈடுசெய்ய 1939-இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி பிறந்தது. மதுவிலக்கு பின்னர் தளர்ந்தும் தழைத்தும், அந்த வரி மட்டும் தளரவேயில்லை. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. அதன்பின் கடைகள் மூடப்பட்டன, மீண்டும் திறக்கப்பட்டன. 2003-இல் சில்லறை விற்பனையையும் சர்க்கார் நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

பம்பாயின் கதை இன்னும் கசப்பானது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1950 முதல் பம்பாய் ராஜ்யம் முழுவதிலும் மதுவிலக்கு வந்தது. தாராவியின் சதுப்பு நிலங்களில் கள்ளச்சாராய அடுப்புகள் புகைந்தன. காய்ச்சியவர்களிலும் குடித்தவர்களிலும் நம்மவர் பலர் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. தூத்துக்குடியில் பிறந்து பம்பாய்க்கு வந்த வரதராஜ முதலியார், இந்தத் தொழிலால் செல்வாக்குப் பெற்றவர்களில் ஒருவர். சட்டம் தளர்ந்த பின்பும் நச்சுச் சாராயம் நகரை விட்டு அகலவில்லை. 2015 ஜூனில் மாலாடு மால்வணியில் மாண்டவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்.

இனி வேறொரு கிளைக் கதை. 1840-இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றில் ஆறு குடிகாரர்கள், இனிக் குடிப்பதில்லை என்று தமக்குள் உறுதி செய்துகொண்டனர். வாஷிங்டன் பெயரில் அவர்கள் நிறுவிய சங்கம் காட்டுத்தீயைப் போலப் பரவிற்று. மதுவிலக்கு அரசியலிலும் உட்பூசலிலும் சிக்கிச் சில ஆண்டுகளிலேயே கலைந்தும் போயிற்று. 1935-இல் ஓஹையோவின் அக்ரான் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தும் சந்தித்தனர். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒரு குடிநோயாளிக்கு இன்னொரு குடிநோயாளியிடம் மனம் விட்டுப் பேசுவதே மருந்தாகிறது என்பது அவர்கள் கண்டது. அதிலிருந்து எழுந்ததுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. பழைய சங்கத்தின் கதியிலிருந்து இது கற்ற பாடம் ஒன்றுண்டு: மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் இது தலையிடுவதில்லை. கட்டணம் கிடையாது, வெளியார் நன்கொடையும் கிடையாது. பெயரோடு ஊரும் குலமும் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆயுள் முழுதும்’ என்ற பேச்சே அங்கில்லை. இன்றைய ஒரு நாளை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள்.

1957-இல் இக்கூட்டம் இந்தியாவுக்கு வந்தபோது பம்பாயில் முழு மதுவிலக்கு அமலில் இருந்தது! அதற்குச் சில பத்தாண்டுகளுக்குப் பின், இதே முறையைச் சிகிச்சையோடு இணைத்த நிலையங்கள் நம் நாட்டில் தோன்றின. கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் அவர் பெயரால் நிறுவிய நிலையம் ஒன்று. 1981-இல் பாந்த்ராவில் பாதிரியார் ஜோ பெரைரா தொடங்கிய கிருபா மற்றொன்று. 1986-இல் புணேயில் அனிதா அவசட், அனில் அவசட் தம்பதியர் அமைத்த முக்தாங்கண் இன்னொன்று. சென்னை நிலையத்தார் தஞ்சைப் பகுதியில் மஞ்சக்குடி என்னும் சிற்றூருக்கே சென்று முகாம் நடத்தினார்கள். நோயாளிகள் ஊருக்குள்ளேயே தங்கினர். ஊரார் ஆதரவு தந்தனர். குடும்பத்தாரும் வந்து கலந்துகொண்டனர். முகாம் முடிந்த பின்பும் தொடர்ந்து விசாரித்தார்கள். சேலத்தில் அதிகாரிகள் மேலிருந்து கொடுக்க முயன்ற துணையை இங்கே ஊரே கொடுத்தது.

இத்தகைய கூட்டங்களால் உண்மையில் பயன் உண்டா? நீண்ட காலம் திட்டமான விடை இல்லை. 2006-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்றும் முடிவாகக் கூறவில்லை. 2020-இல் வெளிவந்த தொகுப்போ 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளையும் ஆராய்ந்தது. ஓராண்டின் இறுதியில் முற்றிலும் குடிக்காதிருந்தவர்கள், இக்கூட்டத்துக்கு முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர். வேறு உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 35 பேர். வேற்றுமை பெரிதன்று, ஆனால் செலவில்லாமல் கிடைத்தது. அந்த 42-க்கு அப்பால் 58 பேர் இருக்கிறார்கள் என்பதையும் மறத்தலாகாது. கோவாவில், மருத்துவரல்லாத சாதாரண ஆலோசகர்கள் சில தடவை பேசியதே பயன் தந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே வழி ஒன்றே என்று வாதிட நாம் முற்படவில்லை. வழி எதுவாயினும் அதை நாடுவோர் மிகக் குறைவு. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாக 2019-இல் வெளியான மத்திய சர்க்காரின் கணக்கெடுப்பு கூறுகிறது.

ஓர் எச்சரிக்கை. பல்லாண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் முதலில் மருத்துவரிடம் செல்லவேண்டும், கூட்டம் அதற்கு அடுத்தபடி. கடவுள் பேச்சு மிகுதி என்று விலகுவோரும் உண்டு. அவர்களைக் குறைகூற மாட்டோம்.

கோபர்கைரனேயில் நம் அண்டை வீட்டார் ஒருவர், வாஷி மொத்தச் சந்தையில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்றவர். அவர் குடியை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வாரந்தோறும் வாஷியில் வண்டி மாறிச் செம்பூருக்குப் போகிறார். அருகிலேயே கூட்டம் உண்டே என்றோம். “ஹிந்தியில மத்தவங்க சொல்றது புரியுது சார். என் கதையைச் சொல்லத்தான் வரமாட்டேங்குது” என்றார். செம்பூர்க் கூட்டத்துக்குத் தமிழர் சிலர் வருகிறார்களாம். சென்ற மாதம், திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த ஒருவருக்காக ஹிந்தித் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கித் தரும்படி நம்மிடம் கொண்டுவந்தார். நாளெல்லாம் சர்க்கார் காகிதங்களை மொழிபெயர்ப்பதே நம் தொழிலாயினும், தலைப்பிலேயே நின்றுவிட்டோம். ‘அநாமதேயர்’ என்றால் தமிழில் மொட்டைக் கடிதம் அல்லவா நினைவுக்கு வருகிறது! அவர் சற்று யோசித்தார். “பேர் சொல்ல வேண்டாம்னு எழுதிடுங்க சார், அது போதும்” என்றார். அவ்வாறே எழுதிக் கொடுத்தோம்.