கரிசல் மானாவாரியில் இயற்கை வேளாண்மை

வேதியுரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, மரபணு மாற்றிய விதை ஆகியவற்றைத் தவிர்த்து, தொழுவுரம், பயிர்ச்சுழற்சி, ஊடுபயிர், நன்மை செய்யும் உயிரினங்கள் ஆகியவற்றின் துணையால் மண்வளத்தையும் பயிர்நலத்தையும் பேணும் சாகுபடி முறையே இயற்கை வேளாண்மை எனப்படும். விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டி முதல் திருச்சுழி வரையிலும் அதற்கு அப்பாலும் விரிந்துள்ள கரிசல் காட்டில் இம்முறையின் வரலாறு ஆற்றுப்பாசன மாவட்டங்களின் வரலாற்றிலிருந்து வேறுபட்டது. மானாவாரி, அதாவது மழையை மட்டும் நம்பிய சாகுபடி, மேலோங்கிய இந்நிலத்தில் வேதியுரம் நெல்வயலில் பரவிய அளவுக்குப் பரவவில்லை. ஆனால் பூச்சிக்கொல்லி பருத்தியின் வழியாக ஆழமாக நுழைந்தது.

இப்பகுதி ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெறுகிறது. அதன் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடுவதால், பெய்த ஈரத்தை மண்ணில் பிடித்துவைப்பதே உழவின் முதல் நோக்கமாக இருந்துவந்துள்ளது. சித்திரை, வைகாசியில் கிடைக்கும் மழைக்குக் கோடை உழவு செய்து, புரட்டாசியில் விதைத்து, கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி ஆகியவற்றோடு உளுந்தும் பாசிப்பயறும் துவரையும் கலந்து பயிரிடுவது வழக்கம். பயறுகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிர் ஏற்கும் வடிவுக்கு மாற்றித் தருகின்றன. ஓரங்களில் நடப்படும் ஆமணக்கு, புழுவின் தாய்ப்பூச்சிகளைத் தன்பால் ஈர்த்துப் பருத்தியைக் காக்கிறது. கோடையில் கண்மாய் வற்றியதும் அதன் அடியில் படிந்த கரம்பை மண்ணை வண்டியில் அள்ளிவந்து புஞ்சையில் பரப்புவதும், ஆட்டுக்கிடை போடுவதும் மண்ணுக்கு உரமூட்டும் வழிகளாக இருந்தன. கிடை என்பது, அறுவடை முடிந்த நிலத்தில் மேய்ப்பர் தம் மந்தையை இரவில் அடைத்துவைத்து, அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாற்றிக்கொண்டே போவதாகும். புழுக்கையும் சிறுநீரும் அங்கேயே குளம்புகளால் மிதிபட்டு மண்ணோடு கலந்துவிடுகின்றன. அள்ளும் கூலியும் வண்டிக் கூலியும் இல்லாத இந்த உரமிடல், சிறு உழவனின் கைக்கு எட்டிய சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

இந்நிலையை மாற்றியது பருத்தி வணிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரச் சீமையின் ஆறு ஊர்கள் என அறியப்பட்ட நாடார் வணிக ஊர்களில் பாளையம்பட்டியும் அருப்புக்கோட்டையும் அடங்கும். சரக்குவண்டிகள் தங்கும் பேட்டைகள் அமைத்து, விற்பனையின் மீது மகமை என்னும் பொது நிதி திரட்டி வளர்ந்த இவ்வூர்களின் வணிகத்தில் பருத்திக்குப் பெரும் பங்கிருந்தது. அக்காலப் பயிர் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி. வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியையும், இயல்பிலேயே சாறுறிஞ்சும் பூச்சிகளையும் ஓரளவு தாங்கும் இப்பருத்தியின் இழை குட்டையானது. 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியை மேம்படுத்திப் பல ரகங்களை வெளியிட்டபோதிலும், மெல்லிய நூலுக்கு நீண்ட இழை தேடிய ஆலைகள் அமெரிக்க வகைப் பருத்தியையும் பின்னர் ஒட்டு ரகங்களையுமே விரும்பின. அவற்றோடு தத்துப்பூச்சியும் காய்ப்புழுவும், அவற்றை அழிக்கத் தெளிப்பான்களும் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியச் சாகுபடிப் பரப்பில் சுமார் 5 விழுக்காடே பெற்றிருந்த பருத்தி, நாட்டின் பூச்சிக்கொல்லியில் ஏறத்தாழப் பாதியை விழுங்கியது.

இயற்கை வேளாண்மை ஓர் அறிவியல் கொள்கையாக உருப்பெற்றதும் பருத்தி ஆராய்ச்சியிலிருந்தே என்பது குறிப்பிடத்தக்கது. 1924-இல் இந்தூரில் பருத்தி ஆய்வுக்கென அமைந்த நிறுவனத்தின் தலைவரான ஆல்பர்ட் ஹோவர்டு, விறகாக எரிக்கப்பட்டுவந்த பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச்செடியை, வண்டிப்பாதையில் பரப்பிச் சக்கரங்களால் நசுங்கவிட்டு, பின்னர் மாடுகளின் கீழ்ப் படுக்கையாக இட்டு, சாணத்தோடு மட்கவைக்கும் இந்தூர் முறையை வகுத்தார். 1940-இல் வெளிவந்த அவரது நூல் மேலைநாட்டு இயக்கத்துக்கு அடித்தளமாயிற்று. கரிசல் காட்டுக்கு வெகு அருகில், தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, தீட்டிய அரிசியையும் வேதியுரத்தையும் ஒருங்கே எதிர்த்து, மண்ணின் நலமும் உண்பவரின் நலமும் ஒன்றையொன்று சார்ந்தவை என வாதிட்டார். கோ. நம்மாழ்வார் 1963 முதல் 1969 வரை கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். விலைகொடுத்து வாங்கும் ஒட்டுவிதையும் உரமும் மருந்தும் வானம் பார்த்த உழவனுக்குப் பயன்தரா என்று கண்டு அப்பணியை விட்டு விலகிய அவர், 2013 டிசம்பர் 30 அன்று மறையும்வரை தமிழகமெங்கும் நடந்து இயற்கை வேளாண்மையைப் பரப்பினார். தமிழக இயற்கை வேளாண் இயக்கத்தின் வித்து கரிசல் மண்ணில் விழுந்தது எனக் கூறுவது மிகையன்று.

சுற்றுச்சூழல் நன்மைகளுள் இப்பகுதிக்கு முதன்மையானது மண்ணின் கரிமப் பொருள் பெருகுவதாகும். மட்கிய தாவர, விலங்குக் கழிவே கரிமப் பொருள்; அது மிகும்போது மண் நீரை விரைந்து உள்வாங்கி நெடுநாள் வைத்திருப்பதால், மழை இடைவெளி நீளும் ஆண்டுகளிலும் பயிர் தாங்கி நிற்கிறது. அமெரிக்காவின் ரோடேல் நிறுவனம் 1981 முதல் நடத்திவரும் ஒப்பீட்டு ஆய்வில், வறட்சி ஆண்டுகளில் இயற்கை முறை மக்காச்சோளம் கூடுதல் விளைச்சல் தந்துள்ளது. இயற்கை முறையில் விளைச்சல் குறையும் என்னும் பொதுவான கருத்தையும் நிலத்துக்கேற்பப் பிரித்தே பார்க்க வேண்டும்: 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, குறைவு 5 முதல் 34 விழுக்காடு வரை மாறுபடும் என்றும், மானாவாரிப் பயறுவகைகள் உள்ளடங்கிய பிரிவில் அது 5 விழுக்காடே என்றும் கண்டது.

உடல்நல நன்மைகளில் முதலில் பேசப்பட வேண்டியவர், உண்பவருக்கு முன்பாக, மருந்து தெளிப்பவரே ஆவார். கையுறையும் முகக்கவசமும் இன்றிக் காற்றெதிரே நின்று தெளித்த கூலியாட்களின் மயக்கமும் வாந்தியும் மரணமும் பருத்தி விளையும் பகுதிகளெங்கும் நிகழ்ந்தவை. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று தடைசெய்தது. பருத்தி உணவுப்பயிர் அல்ல என்று இவ்வட்டாரத்தில் ஒதுக்கிவிடவும் முடியாது: பருத்திக்கொட்டை கறவை மாட்டுக்குத் தீவனமாகிறது, அதனை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பால் மதுரை வட்டாரத்தில் மக்கள் விரும்பி அருந்தும் பானமாகும்.

உண்பவருக்குக் கிடைக்கும் நன்மை பற்றிய சான்றுகள் ஒரே திசையில் அமையவில்லை. 2012-இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுப்பாய்வு சத்துகளில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை எனினும், பூச்சிக்கொல்லி எச்சம் இயற்கை விளைபொருளில் குறைவு என உறுதிசெய்தது. 343 ஆய்வுகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு, இயற்கை முறைப் பயிர்களில் உயிரணுச் சிதைவைத் தடுக்கும் பொருள்கள் மிகுதி என்றும், காட்மியம் என்னும் நச்சு உலோகம் குறைவு என்றும் கண்டது. 2018-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, இயற்கை உணவை மிகுதியாக உண்டோரிடம் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவு என்று கூற, அதற்கு முந்திய பிரித்தானிய ஆய்வு அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. உண்பவர் பெறும் எல்லா நன்மையும் சாகுபடி முறையால் வருவதன்று: குதிரைவாலியிலும் கம்பிலும் கிடைக்கும் நார்ச்சத்து, தானியத்தின் இயல்பாலும் தவிடு நீக்கப்படாமையாலும் வருவது. குமரப்பா தீட்டலை எதிர்த்ததன் பொருள் இங்கே விளங்கும்.

அரசு வழக்கில் அங்கக வேளாண்மை எனப்படும் இம்முறையின்மீது அரசின் கவனம் பிற்காலத்திலேயே திரும்பியது. தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2007-இல் ஏற்பட்டது. மாநில அங்கக வேளாண்மைக் கொள்கை 2023 மார்ச்சில் வெளியிடப்பட்டது. ஓராண்டுப் பயிர் நிலம் சான்றிதழ் பெற இரண்டு ஆண்டு மாற்றக்காலம் கடக்க வேண்டும். கட்டணமும் பதிவேடுகளும் தனி உழவனுக்குச் சுமையாவதால், உழவர்கள் குழுவாக இணைந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்து உறுதியளிக்கும் பங்கேற்பு உறுதியளிப்பு முறையும் நடைமுறைக்கு வந்துள்ளது. இச்சான்று இல்லாதபோது, மருந்தே காணாத மானாவாரிக் குதிரைவாலியும் சந்தையில் சாதாரணத் தானியத்தின் விலைக்கே போகிறது.