அன்னா (கோ டு ஹிம்): பீட்டில்ஸ் குழுவின் மறுபதிவு

‘அன்னா (கோ டு ஹிம்)’ அமெரிக்க சோல் பாடகர் ஆர்தர் அலெக்சாண்டர் எழுதிப் பாடி, 1962 செப்டம்பரில் வெளிவந்த காதல் பாடல். லிவர்பூலைச் சேர்ந்த பீட்டில்ஸ் ராக் குழு இதை 1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் ஏபி ரோட்டிலுள்ள இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் மறுபதிவு செய்தது. குழுவின் முதல் நெடுந்தட்டான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யில் இது மூன்றாவது பாடலாக இடம்பெற்றது. குழு உறுப்பினர் ஜான் லெனனின் தொடக்ககாலப் பாட்டுகளில் மிக உருக்கமானவற்றுள் ஒன்று இது.

அலெக்சாண்டர் 1940இல் அலபாமா மாநிலத்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தவர். விடுதி ஒன்றில் பணியாளராக இருந்துகொண்டே பாட்டெழுதிவந்தார். அவருடைய ‘யூ பெட்டர் மூவ் ஆன்’ 1962இல் அமெரிக்க பாப் வரிசையில் 24ஆம் இடத்துக்கு வந்தது. அலபாமாவின் மஸல் ஷோல்ஸ் வட்டாரத்துக்கு இசையுலகில் பெயர் வாங்கித் தந்த முதல் பாடல் அதுவே. ‘அன்னா’ ரிதம் அண்ட் புளூஸ் வரிசையில் 10ஆம் இடத்தைப் பிடித்தது. பாப் வரிசையில் 68ஐத் தாண்டவில்லை. கறுப்பினத்தவரின் சோல் இசையும் வெள்ளையரின் கன்ட்ரி இசையும் அலெக்சாண்டரின் குரலில் இயல்பாகக் கலந்திருந்தன. சோகத்தைக்கூட அவர் குரல் உயர்த்தாமல்தான் பாடினார்.

பாட்டின் கதை எளியது. காதலி வேறொருவனை விரும்புகிறாள். அவளைத் தடுக்காமல், மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனிடம் போகலாம் என்கிறான் காதலன். ஆனால் நடுப்பகுதியில், தன்னை நேசிக்கும் பெண்ணை வாழ்நாளெல்லாம் தேடி ஏமாந்ததைச் சொல்லி அரற்றுகிறான். போ என்று சொல்லும் வாயும் போகாதே என்று கெஞ்சும் மனமும் ஒரே பாட்டுக்குள் மோதுகின்றன. பாட்டின் வலிமை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கர்களே அதிகம் கேட்டிராத இத்தகைய பாடல்களை லிவர்பூல் குழுக்கள் தேடித் தேடிக் கற்றன. அலெக்சாண்டரிடம் பீட்டில்ஸுக்குத் தனிப் பற்று இருந்தது. அவர் பதிவு செய்த ‘சோல்ஜர் ஆஃப் லவ்’, ‘எ ஷாட் ஆஃப் ரிதம் அண்ட் புளூஸ்’ ஆகியவற்றையும் அவர்கள் வானொலியில் பாடியுள்ளனர்.

பதிவு நடந்த நாள் குழுவின் வரலாற்றில் பெயர்பெற்றது. காலை 10 மணிக்குத் தொடங்கி இரவு 10.45 வரை நடந்த அமர்வுகளில் நெடுந்தட்டுக்கான 10 பாடல்கள் பதிவாயின. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். ஒலிப்பதிவாளர் நார்மன் ஸ்மித். ‘அன்னா’வின் முறை இரவு அமர்வில் வந்தது. மூன்று முறை வாசித்தார்கள். மூன்றாவதே தட்டில் ஏறியது. லெனனுக்கு அன்று கடுமையான சளி. தொண்டை மாத்திரைகளைச் சப்பிக்கொண்டே நாள் முழுதும் பாடியிருந்தார்.

இசை அமைப்பில் குழு மூலத்தைவிட்டு அதிகம் விலகவில்லை. மூலத்தில் பியானோவில் வரும், மனத்தில் தங்கிவிடும் சிறு இசைத்தொடரை ஜார்ஜ் ஹாரிசன் கிட்டாருக்கு மாற்றினார். ஹை-ஹாட் தட்டைச் சார்ந்து தயங்கித் தயங்கி நகரும் மூலத்தின் தாளத்தை ரிங்கோ ஸ்டார் அப்படியே பிடித்துக்கொண்டார். டி மேஜரும் பி மைனரும் மாறிமாறி வரும் அடிப்படை, பாட்டை ஒரே இடத்தில் ஊசலாடவைக்கிறது. பால் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் பின்குரல் கொடுக்கிறார்கள்.

வேறுபாடெல்லாம் முன்குரலில்தான். அலெக்சாண்டர் விதியை ஏற்றுக்கொண்டவரைப் போலப் பாடினார். 22 வயது லெனனோ ஏற்க முடியாதவராகப் பாடுகிறார். நடுப்பகுதியில் மேலேறும்போது அவர் குரல் கரகரத்து, உடைவதுபோல நெரிகிறது. சளியும் களைப்பும் சேர்ந்து கொடுத்த அந்தக் கரகரப்பு பாட்டின் துயரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நயத்தில் மூலமே மேல். வேதனையின் கூர்மையில் மறுபதிவு அதற்குக் குறைந்ததல்ல. இரட்டைத் தட நாடாவில் குரலை ஒரு தடத்திலும் வாத்தியங்களைப் பெரும்பாலும் மற்றொன்றிலும் பதிந்ததால், ஸ்டீரியோ வடிவத்தில் ஒரு பக்க ஒலிபெருக்கியை மட்டும் கேட்டால் லெனனின் மூச்சிழுப்பைக்கூடத் தனியாகப் பிடிக்கலாம்.

1964 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவும் ‘யூ பெட்டர் மூவ் ஆன்’ பாடலைத் தன் குறுந்தட்டில் வெளியிட்டது. பாப் டிலன் 1988இல் அலெக்சாண்டரின் ‘சாலி சூ பிரவுன்’ பாடினார். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், டிலன் ஆகிய மூன்று தரப்பும் எடுத்துப் பாடிய பாடலாசிரியர் என்ற அரிய பெருமை அலெக்சாண்டருக்கு உண்டு. ஆயினும் அதற்கேற்ற வாழ்வு அவருக்கு அமையவில்லை. இசையிலிருந்து விலகி ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் பேருந்து ஓட்டினார். 1993இல் ‘லோன்லி ஜஸ்ட் லைக் மீ’ தொகுப்புடன் திரும்பிவந்த அவர், அவ்வாண்டு ஜூன் 9 அன்று காலமானார்.

‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பிரிட்டனில் 1963 மார்ச் 22 அன்று வெளிவந்து, பின்னர் 30 வாரங்கள் விற்பனை வரிசையின் உச்சியில் இருந்தது. அமெரிக்காவில் ‘அன்னா’வை முதலில் வீ-ஜே நிறுவனம் 1964இல் ‘இன்ட்ரொடியூசிங் தி பீட்டில்ஸ்’ தட்டிலும், 1965இல் கேப்பிட்டல் நிறுவனம் ‘தி எர்லி பீட்டில்ஸ்’ தட்டிலும் சேர்த்தன. பிபிசி வானொலிக்காகக் குழு 1963இல் பாடிய வடிவம், ‘ஆன் ஏர்’ தொகுப்பில் 2013இல் வெளியானது.