130 விண்ணப்பம், ஒரு பதிலும் இல்லை: நடுவயசுல வேலை போனா மனசுக்கு என்ன ஆகும்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு வரலாற்றுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு மெயில் பத்திச் சொல்லணும். போன மாசம் நம்ம நேயர் ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. சென்னையில வேலை பாக்குறாங்க, வயசு 24. அவங்க அப்பாவுக்கு 49. இருபது வருஷத்துக்கு மேல ஒரே கம்பெனியில கணக்குப் பிரிவுல இருந்தவர். வேலை போய் அஞ்சு மாசம் ஆச்சு.

முதல் மாசம் அப்பா சுறுசுறுப்பாத்தான் இருந்தாராம். இவங்கதான் ரெஸ்யூமே அடிச்சுக் கொடுத்திருக்காங்க, லிங்க்ட்இன் கணக்கு ஆரம்பிச்சுக் கொடுத்திருக்காங்க. இப்போ அவர் காலையில பத்து மணிக்குத்தான் எந்திரிக்கிறார். பேப்பரை விரிச்சு வெச்சுட்டு அதையும் படிக்கிறதில்லை. ஒரு நாள் பாத்துட்டே இருந்த மகள், "இன்னைக்காவது ஒரு இடத்துக்கு அப்ளை பண்ணுனியாப்பா?"ன்னு கத்திட்டாங்க. அவர் ஒண்ணும் பேசாம மாடிக்குப் போயிட்டார். மெயில் இப்படி முடிஞ்சது: "எங்கப்பா சோம்பேறி இல்லை. ஆனா இப்போ அவர் யாருன்னே எனக்குத் தெரியலை."

இந்தக் கேள்விக்கு நான் ஆலோசனை சொல்ற ஆள் இல்லை. ஆனா இதே கேள்வியைத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி சிலர் ஒரு ஊருக்கே போய்க் கேட்டாங்க. அந்தக் கதை எனக்குத் தெரியும்.

ஊர் பேரு மாரியென்தால். ஆஸ்திரியாவுல, வியன்னாவுக்குத் தென்கிழக்கே இருக்கு. 1830-ல அங்க ஒரு நூற்பாலை வந்துச்சு. ஆலையைச் சுத்தி வீடுகள், கிளப், நூலகம், பூங்கா எல்லாம் வளர்ந்துச்சு. கோயம்புத்தூர்ப் பக்கம் மில் சங்கு ஊதுற ஊர்கள்ல வளர்ந்தவங்களுக்கு இது எப்படிப்பட்ட ஊர்னு உடனே புரியும். உலகப் பொருளாதார மந்தம் வந்தப்போ, 1929-ல ஆரம்பிச்சு 1930-க்குள்ள அந்த ஆலை முழுசா மூடப்பட்டுச்சு. ஊர்ல மொத்தம் 478 குடும்பம். அதுல முக்கால்வாசிக் குடும்பத்துல வேலைக்குப் போற ஆள் ஒருத்தர்கூட இல்லை.

வியன்னாவுல அப்போ ஒரு இளம் ஆராய்ச்சிக் கூட்டம் இருந்துச்சு. பால் லாசர்ஸ்ஃபெல்ட், மரி யஹோடா, ஹான்ஸ் ட்ஸைஸல். யஹோடாவுக்கு அப்போ 24, 25 வயசுதான், நமக்கு மெயில் போட்ட நேயரோட வயசு. மக்கள் ஓய்வு நேரத்தை எப்படிச் செலவழிக்கிறாங்கன்னு ஆராயணும்னு லாசர்ஸ்ஃபெல்டுக்கு ஒரு ஆசை. அதை சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ பௌவர்கிட்ட சொன்னப்போ அவருக்குக் கோவம் வந்துடுச்சு. இத்தனை பேர் வேலை இல்லாம இருக்கும்போது ஓய்வு நேரத்தைப் பத்தி ஆராய்ச்சியா, வேலையில்லாதவங்களைப் போய்ப் பாருங்கன்னு திருப்பி விட்டுட்டார். அப்படித்தான் 1931 கடைசியில இவங்க மாரியென்தால் போனாங்க.

போனவங்க நோட்டுப் புத்தகத்தை மட்டும் தூக்கிட்டுப் போகலை. சும்மா வேடிக்கை பாக்க ஊருக்குள்ள யாரும் வரக் கூடாது, ஊருக்கு உபயோகமா ஏதாவது செஞ்சுட்டேதான் கவனிக்கணும்னு ஒரு விதி வெச்சுக்கிட்டாங்க. வியன்னாவுல பழைய துணி சேகரிச்சு வந்து கொடுத்தாங்க. இலவச மருத்துவம் ஏற்பாடு பண்ணுனாங்க. தையலுக்கு வெட்டு மாதிரி வரையறதுக்கு வகுப்பு எடுத்தாங்க. ஊரும் இவங்களை உள்ள விட்டுச்சு.

அவங்க எதிர்பார்த்தது என்னன்னா, நேரம் நிறைய இருக்கிறதால ஜனங்க நிறையப் படிப்பாங்க, கூட்டம் போடுவாங்க, அரசியல் பேசுவாங்க, ஒருவேளை புரட்சிகூட பண்ணுவாங்கன்னு. நடந்தது தலைகீழ். நூலகத்துல புத்தகம் எடுக்கக் காசு வாங்கறதையே நிறுத்திட்டாங்க. அப்படியும் 1929-லேருந்து 1931-க்குள்ள எடுத்த புத்தகங்களோட எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சுடுச்சு. காசு வேண்டாம், நேரமும் இருக்கு, ஆனா படிக்க முடியலை. பேப்பரை விரிச்சு வெச்சுட்டுப் படிக்காத அந்த அப்பா ஞாபகம் வருதா?

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. மதிய நேரத்துல ஊரோட மெயின் தெருவுல ஜனங்க எப்படி நடக்குறாங்கன்னு ஜன்னல்லேருந்து எண்ணுனாங்க. 68 ஆண்கள், 50 பெண்கள். வழியில மூணு தடவையோ அதுக்கு மேலயோ நின்னு நின்னு போன ஆண்கள் 39 பேர், பெண்கள் மூணே பேர். ஒரு தடவைகூட நிக்காம நடந்தவங்கள்ல பெண்கள் 30 பேர், ஆண்கள் வெறும் ஆறு பேர். இன்னொரு கணக்கு: 100 ஆண்களைப் பாத்ததுல 88 பேர்கிட்ட கடிகாரமே இல்லை. அவங்கள்ல 31 பேருக்கு மட்டும்தான் வீட்டுலயாவது ஒண்ணு இருந்துச்சு.

ஏன் இந்த வித்தியாசம்? பெண்களுக்கு ஆலை வேலைதான் போச்சு. வீட்டு வேலை போகலை. சமையல், துவையல், பிள்ளைங்க, கிழிஞ்சதைத் தைக்கிறது, இருக்குற கொஞ்சக் காசுல மாசத்தை ஓட்டுறது எல்லாமே இன்னும் கூடிடுச்சு. ஆண்களுக்கு நேரம் கட்டுக்கட்டா வந்து விழுந்துச்சு, அதை வெச்சு என்ன பண்றதுன்னு தெரியலை. நேற்று காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என்ன செஞ்சீங்கன்னு எழுதச் சொன்னா, நாலைஞ்சு விஷயத்துக்கு மேல எழுத அவங்களால முடியலை.

இங்க ஒருத்தரைப் பத்தி மட்டும் தனியாச் சொல்றேன். அவரும் வேலை போனதும் ஓய்ஞ்சு உக்காரலை. ஒரு வருஷத்துல 130 வேலைக்கு விண்ணப்பம் எழுதியிருக்கார். ஒண்ணுக்குக்கூட பதில் வரலை. ஆய்வாளர்கள் அவரைப் பாத்தப்போ, பாதி நாள் படுக்கையிலேயே கிடந்தார். எந்திரிச்சா காலைச் சாப்பாட்டுக்கும் அடுப்புக்கும் செலவாகும்னு. 131-வது விண்ணப்பத்தை எழுதாத அவரை நாம சோம்பேறின்னு சொல்லுவோமா?

இந்த மாற்றத்துக்கு ஒரு வரிசை இருக்குன்னு 1938-ல லாசர்ஸ்ஃபெல்டும் ஃபிலிப் ஐஸன்பெர்க்கும் ஒரு கட்டுரையில எழுதுனாங்க. அப்போ லாசர்ஸ்ஃபெல்ட் அமெரிக்காவுக்குப் போயிட்டார். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்து அவங்க சொன்னது இது. முதல்ல அதிர்ச்சி, ஆனா நம்பிக்கை இருக்கும், வேகமா வேலை தேடுவாங்க. முயற்சி எல்லாம் தோத்துட்டே இருந்தா பதற்றமும் அவநம்பிக்கையும் வரும்; ரொம்ப வேதனையான கட்டம் இதுதான். அதுக்கப்புறம் மனசு தன்னைச் சுருக்கிக்கும். ஆசையைக் குறைச்சா ஏமாற்றமும் குறையும் இல்லையா? வெளியிலேருந்து பாக்குறவங்களுக்கு அது சோம்பலாத் தெரியும். உள்ளுக்குள்ள அது அடிபட்ட இடத்தைத் தொடாம பொத்தி வெச்சுக்கறது.

இதுல பணத்தோட பங்கையும் மறக்கக் கூடாது. மாரியென்தால் ஆய்வுல குடும்பங்களை மனநிலைப்படி பிரிச்சாங்க: உடையாதவங்க, விட்டுக்கொடுத்து வாழ்றவங்க, நொந்துபோனவங்க, எதிலயும் பிடிப்பில்லாதவங்க. அப்புறம் வருமானத்தைப் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. ஒரு ஆளுக்குன்னு கணக்குப் போட்டா மாசத்துக்கு 34, 30, 25, 19 ஷில்லிங். அதே வரிசையில அப்படியே இறங்குது. அதாவது, 'அவர் மனசு வலிமையானவர், இவர் பலவீனமானவர்'னு நாம பேசுறதுல பெரும் பகுதி, கையில எவ்வளவு காசு மிச்சம் இருக்குங்கறதுதான். பாசிட்டிவா யோசின்னு சொல்றதுக்கு முன்னாடி, வீட்டு வாடகைக்கு என்ன வழின்னு கேக்கறது நல்லது.

அந்த ஆய்வுப் புத்தகம் 1933-ல ஜெர்மனியில வெளிவந்துச்சு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருஷம். எழுதுனவங்க யூதர்கள்ங்கறதால அட்டையில அவங்க பேரே இல்லை. யஹோடா தலைமறைவு அரசியல்ல இருந்ததுக்காக 1936-ல கைதாகி, அடுத்த வருஷம் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார். முப்பது வயசுல, வேற நாட்டுல, வேற மொழியில முதல்லேருந்து ஆரம்பிச்சார். இங்கிலாந்து, அப்புறம் நியூயார்க், மறுபடி இங்கிலாந்து. சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஆனப்போ அவருக்கு வயசு 58.

மாரியென்தாலுக்குப் போய் ஐம்பது வருஷம் கழிச்சு, 1982-ல அவர் ஒரு புத்தகம் எழுதுனார். வேலை நமக்குச் சம்பளம் தருது, அது கண்ணுக்குத் தெரியும். ஆனா கண்ணுக்குத் தெரியாம இன்னும் அஞ்சு விஷயம் தருதுன்னார். நாளுக்கு ஒரு ஒழுங்கு. குடும்பத்துக்கு வெளியே மனுஷங்க. தனி ஆளைத் தாண்டின ஒரு பொது நோக்கம். சமூகத்துல ஒரு இடம், 'நான் இன்னார்'னு சொல்லிக்க ஒரு பேர். தினமும் செய்யறதுக்கு ஒரு காரியம். வேலை போறப்போ இந்த அஞ்சும் சேர்ந்தே போகுது. ஆனா நாம துக்கம் விசாரிக்கறது சம்பளத்தைப் பத்தி மட்டும்தான்.

சரி, எதைத் தொலைச்சோம்னு தெரிஞ்சா மட்டும் வேலை கிடைச்சுடுமா? இதுக்கு இன்னொரு ஆளோட கதைக்குப் போகணும். அமெரிக்கா, சான் ஃபிரான்சிஸ்கோ, 1968. ரிச்சர்ட் போல்ஸ்னு ஒரு பாதிரியார். வயசு 41. ஹார்வர்ட்ல இயற்பியல் படிச்சவர். தேவாலயத்துல பணப் பற்றாக்குறை, அவரை வேலையிலேருந்து எடுத்துட்டாங்க. பாதிரியாருக்கும் லேஆஃப் உண்டு!

கொஞ்ச நாள் கழிச்சு, பல்கலைக்கழக வளாகங்கள்ல ஊழியம் செய்யற பாதிரிமார்களை மேற்பார்வை பாக்கற வேலை கிடைச்சது. போய்ப் பாத்தா அவங்களுக்கும் வேலை போயிட்டு இருக்கு. எல்லாரும் நடுவயசு, குடும்பஸ்தர்கள், வேற தொழில் தெரியாது. 'இனி நாங்க என்ன பண்றது?'ன்னு கேட்டவங்களுக்காக ஊர் ஊராப் போய் விசாரிச்சு, 1970-ல தானே ஒரு புத்தகம் போட்டார். 'வாட் கலர் இஸ் யுவர் பாராசூட்?'ங்கறது பேர். 1972-ல ஒரு பதிப்பகம் அதை எடுத்துக்கிச்சு. பாதிரியார்களுக்காக எழுதுனது ஒரு கோடிப் பிரதிக்கு மேல வித்துச்சு. 2017-ல, 90 வயசுல அவர் இறக்கற வரைக்கும் அதைத் திருத்திட்டே இருந்தார்.

அவர் சொன்னது இதுதான். கண்ணை மூடிட்டு ரெஸ்யூமே அனுப்பறதுதான் வேலை தேடறதுலயே ரொம்ப மோசமான வழி. முதல்ல பேப்பரை எடுத்து உன்னைப் பத்தி எழுது. எந்தத் திறமையை ஆசையாப் பயன்படுத்துவே? எப்படிப்பட்ட மனுஷங்களோட இருந்தா நல்லா வேலை செய்வே? எந்த மாதிரி இடம், என்ன சம்பளம், எது உனக்கு முக்கியம்? இதையெல்லாம் ஏழு இதழ் உள்ள ஒரு பூவா வரையச் சொன்னார். அதுக்கப்புறம் வெளியே போய் மனுஷங்களைப் பாத்துப் பேசு, அப்புறம்தான் விண்ணப்பம்.

இதை அப்படியே மந்திரமா எடுத்துக்க முடியாது. மாரியென்தால்ல யாராவது பூ வரைஞ்சிருந்தா மூடின ஆலை திறந்திருக்காது. அங்க பிரச்சினை மனுஷங்ககிட்ட இல்லை, வேலையே இல்லை. அதனால தன்னை அறியறதை வேலைக்குப் பதிலா வெக்க முடியாது. ஆனா ஒண்ணு முடியும்: வராத பதிலை 'நான் உதவாக்கரை'ங்கற தீர்ப்பா மாத்திக்காம இருக்க அது உதவும். என்னை எது நோகடிக்குதுன்னு பேர் சொல்லத் தெரிஞ்சவருக்கு, அடுத்து யாரைப் போய்ப் பாக்கணும்னு யோசிக்கக் கொஞ்சம் இடம் கிடைக்குது.

அந்த நேயருக்கு யஹோடாவோட அஞ்சு விஷயத்தையும் எழுதி அனுப்பினேன். 'அப்ளை பண்ணுனியா?'ன்னு கேக்கறதுக்குப் பதிலா, 'ஆபீஸ்ல எதைப்பா ரொம்ப மிஸ் பண்ற?'ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்கன்னேன். ரெண்டு வாரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. அப்பா ரொம்ப நேரம் யோசிச்சிருக்கார். அப்புறம், "மாசக் கடைசியில கணக்கு டேலி ஆகலைன்னா எல்லாரும் என் டேபிளுக்குத்தான்மா வருவாங்க"ன்னு சொல்லியிருக்கார். இருபத்துநாலு வருஷத்துல அப்பா ஆபீஸ்ல என்ன பண்ணுவார்ன்னு தான் கேட்டதே இல்லைன்னு மகள் எழுதியிருந்தாங்க. அன்னைக்குச் சாயந்தரம் ரெண்டு பேரும் உக்காந்து, அவர் டேபிளுக்கு வந்தவங்க பேரையெல்லாம் எழுதியிருக்காங்க. பதினேழு பேர். அதுல பாதிப் பேர் இப்போ வேற வேற கம்பெனியில இருக்காங்க. மூணு பேருக்கு அவர் போன் பண்ணிப் பேசியிருக்கார்.

வேலை இன்னும் கிடைக்கலை. அதையும் சொல்லிடறேன். ஆனா போன் பண்ணினது லிங்க்ட்இன் இல்லை, எங்கப்பான்னு எழுதியிருந்தாங்க.

உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா, இந்த எபிசோடை அவருக்கு ஃபார்வேர்டு பண்றதுக்கு முன்னாடி பக்கத்துல போய் உக்காந்து அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. அடுத்த வாரம் வேற ஒரு கதையோட சந்திப்போம்.